டீ-பாலில் அவுட் கிடையாது

முப்பத்தொரு வருஷம் மாவட்டத்துப் பள்ளிக்கூட பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர் ஹார்லன் பெடர்சன். அத்தனை வருஷத்தில் சொன்ன தீர்ப்பை ஒருமுறைகூட மாற்றியதில்லை. தகப்பன்மார்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். ஒருவன் அவருடைய காரின் முன்கண்ணாடியில் மில்க்‌ஷேக்கை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். கையை ஓங்கி ‘அவுட்’ என்றால் அவுட்தான். எல்ம் ஃபோர்க் ஊரில் பெடர்சன் என்ற பெயருக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தக் கையில் இருப்பதாக அவர் நம்பினார். மீதிப் பாதி, அந்த வீட்டு மனிதர்கள் யாரும் நாலுபேர் சிரிக்கும்படி நடந்துகொண்டதில்லை என்பதில் இருந்தது.

அதனால்தான், பேத்தி டெல்லாவை டீ-பாலில் சேர்த்துவிட்டதாக மருமகள் கிறிஸ்டா சொன்னபோது அவர் காபிக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டார்.

“ஊரே பார்க்க அவளை அங்க கொண்டுபோய் நிறுத்தணுமா?”

“அவளுக்கு அஞ்சு வயசு, ஹார்லன். அங்க வர்ற எல்லாருக்கும் அஞ்சு வயசு.”

“மத்த பிள்ளைங்க ஓடுவாங்க.”

“இவளும் ஓடுவா. விழுவா. எழுந்திருப்பா. உங்க மகனும் லாரியோட ஊர் ஊரா சுத்துறான், இவளோட ஓட நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கு ஒரு டீம், ஒன்பது பேர் வேணும்.”

டெல்லா ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்ட குழந்தை. கால்கள் இன்னும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, மூச்சுவிட்டு, பிறகுதான் அடுத்த படி. வீட்டுக்குள் அவள் பேச ஆரம்பித்தால் வானொலியை அணைத்துவிட வேண்டும். வாசல் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். வேறு பிள்ளைகளிடம் அவள் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறக்கிறது. வசந்த காலத்தில் பெயர் பதிவு செய்யப் போனபோது, மழலை வகுப்பு ஆசிரியை ரெனே மிகவும் பக்குவமாகத்தான் பேசினாள். “இன்னும் ஒரு வருஷம் வீட்ல வெச்சிருந்து பார்க்கலாமா? பிள்ளைங்களோட கொஞ்சம் பேசினான்னா எனக்குத் தைரியம் வந்துடும். ஜூன் முடியறதுக்குள்ள முடிவு பண்ணலாம்.”

பக்குவமாகச் சொன்னாலும் அது ஹார்லனுக்கு முள்ளாகக் குத்தியது. பெடர்சன் வீட்டுப் பிள்ளையை ஒரு வருஷம் நிறுத்திவைப்பதா? அதே ரெனேதான் பச்சைச் சட்டை அணிக்குப் பயிற்சியாளர் என்று தெரிந்ததும், முள் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

டீ-பாலை அவர் ஆட்டமாகவே மதித்ததில்லை. பந்தை வீச ஆள் கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு ரப்பர் கம்பம், அதன் தலையில் பந்து. பிள்ளை வந்து அதை மட்டையால் தட்டிவிட்டு, மூலைக்கு ஒன்றாக வைத்த பேஸ் மெத்தைகளை வரிசையாக மிதித்து ஓட வேண்டும். கணக்கு எழுதுவதில்லை. வெற்றி தோல்வி இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரு சுற்று அடித்து முடிக்கும்வரை யாரையும் வெளியே அனுப்புவதில்லை. அதாவது, அவுட்டே கிடையாது. அவுட் இல்லாத பேஸ்பால் என்பது உப்பு போடாத சூப் என்று அவர் காபிக் கடையில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

முதல் சனிக்கிழமை டெல்லா மூன்று முறை மட்டையை வீசினாள். மூன்றும் ரப்பர் கம்பத்தில் விழுந்தன. பந்து பயந்துபோனது போல அவள் காலடியில் பொத்தென்று விழ, ரெனே “ஓடு” என்றாள். டெல்லா ஓடினாள். முதல் பேஸ் வலது பக்கம் இருந்தது. அவள் இடது பக்கம், மூன்றாவது பேஸை நோக்கிப் போனாள். பலகைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று ஹார்லன் ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டார். முடிவெட்டுபவர், மருந்துக் கடைக்காரர், அவர் மனைவி, தன்னுடைய நாற்பது வருஷத்து நண்பன் டுவேய்ன்.

இரண்டாவது சனிக்கிழமை பந்து பத்தடி உருண்டது. டெல்லா ஓடவும் செய்தாள், ஆனால் பேஸை நோக்கி அல்ல, பந்தை நோக்கி. எதிரணிப் பிள்ளைகளை எல்லாம் முந்திக்கொண்டு போய், தான் அடித்த பந்தைத் தானே எடுத்து மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள்.

டுவேய்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “ஹார்ல், உன் பேத்தி ரெண்டு டீமுக்கும் சேர்த்து ஆடுறாப்பா. டபுள் சம்பளம் கேளு.”

“வாயை மூடு.”

“என்ன நடுவரே, இதுக்கு என்ன தீர்ப்பு? சட்டத்துல இடம் இருக்கா?”

ஹார்லன் எழுந்து போய்விட்டார். காரில் உட்கார்ந்து, அடுத்த வாரம் இவளை அழைத்து வரக் கூடாது என்று முடிவு கட்டினார். ஆட்டம் முடிந்து டெல்லா வந்து ஏறியதும், கிறிஸ்டாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வீட்டுக்கு வண்டியை ஓட்டினார். வீட்டு முன்னால் வண்டி நின்றதும் டெல்லா இறங்கி, கையுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாசற்படியில் ஏறினாள். வலது கால், இடது கால், வலது கால், இடது கால். நாலு படி. நடுவில் நிற்கவே இல்லை.

ஹார்லன் சாவியைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“தாத்தா, மாரிசோல் செருப்புல லைட் எரியுது. ஓடினா எரியும். நின்னா அணைஞ்சிடும்,” என்றாள் அவள் மேலிருந்து.

“அந்தப் பொண்ணுகிட்ட பேசினியா?”

“இல்ல. பார்த்தேன்.”

அடுக்கிவைத்த வார்த்தைகளை அவர் கிறிஸ்டாவிடம் சொல்லவில்லை.

நாலாவது சனிக்கிழமை, ஜூன் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, முதல் பேஸில் வழக்கமாக நிற்கும் ஒரு தகப்பன் வைக்கோல் கட்டப் போய்விட்டான். ரெனே வேலியோரம் வந்தாள்.

“ஹார்லன், நீங்க முதல் பேஸ்ல நிக்கிறீங்களா? பிள்ளைங்களுக்கு எந்தப் பக்கம் ஓடணும்னு கை காட்டினா போதும்.”

கேட்டவுடன் எழுந்தால் கௌரவக் குறைச்சல் என்று அவர் நாலு விநாடி தாமதித்தார். பிறகு இஸ்திரி போட்ட கால்சட்டையைத் தட்டிவிட்டு மைதானத்துக்குள் நடந்தார். செம்மண் காலணிக்குக் கீழே நெறுநெறுத்தது. ஓய்வு பெற்ற இந்த எட்டு வருஷமாக அவர் மைதானக் கோட்டுக்கு உள்ளே வந்ததில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

பச்சைச் சட்டைகள் முதலில் அடித்தார்கள். ஆரஞ்சுச் சட்டைகள் மைதானத்தில் பரவி நின்றார்கள். ஒருவன் மண்ணில் டிராக்டர் வரைந்துகொண்டிருந்தான். இன்னொருத்தி மஞ்சள் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். முதல் பேஸில் ப்ராக்ஸ்டன் என்ற குண்டுப் பையன் தன் முகத்தைவிடப் பெரிய கையுறையை மாட்டிக்கொண்டு, அதன் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டெல்லா வந்தாள். ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது. ரெனே அவள் கால்களை எட்ட வைத்து, விலகி நின்றாள்.

முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது வீச்சு பந்தின் நடுவயிற்றில் பட்டது.

டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை ஹார்லன் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். ஆனாலும் உள்ளங்கால்வரை சிலிர்த்தது. பந்து தரையைத் தொட்டுத் தொட்டு நேராகப் பாய்ந்தது. டெல்லா மட்டையைப் போட்டுவிட்டு ஒரு கணம் நின்றாள். பந்தைப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். பிறகு வலது பக்கம் திரும்பி, நேராக அவரை நோக்கி ஓடிவர ஆரம்பித்தாள்.

கிறிஸ்டா வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். “போ, போ, போ, தாத்தாகிட்ட போ.”

சரியான திசை. விழவில்லை. ஹெல்மெட் மட்டும் குதித்தது. இதற்குள் மைதானத்தின் நடுவில் நின்ற வெஸ்லி என்ற ஆரஞ்சுப் பையன், பந்து தன் கையுறைக்குள் வந்து விழுந்ததை நம்ப முடியாமல் பார்த்துவிட்டு, அதை எடுத்து முதல் பேஸை நோக்கி வீசினான். ஐந்து வயதில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பந்தைக் கட்டிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். ப்ராக்ஸ்டன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையுறையை நீட்டினான். பந்து அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவன் கால் பேஸின் மேல் இருந்தது. டெல்லா இன்னும் இரண்டடி தள்ளி இருந்தாள்.

ஹார்லனின் வலது கை தானாக மேலே போனது. விரல்கள் முஷ்டியாக மடங்கின. முப்பத்தொரு வருஷத்துக் குரல் நெஞ்சிலிருந்து புறப்பட்டது.

“அவுட்!”

மைதானத்தின் மறுகோடிவரை கேட்டிருக்கும். பூப் பறித்தவள் திரும்பிப் பார்த்தாள்.

டெல்லா இரண்டு காலையும் பேஸின் மேல் வைத்து நின்றுகொண்டிருந்தாள். மேலே பார்த்தாள். ஓடிவந்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அந்த உயர்ந்த கையைப் பார்த்ததும் அது மெல்ல இறங்கியது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கையின் அர்த்தம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் திரும்பிப் பெஞ்சை நோக்கி நடந்தாள்.

“சொந்தப் பேத்தியவே அவுட்டாக்கிட்டான்யா மனுஷன்,” என்றான் டுவேய்ன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ரெனே வேகமாக வந்தாள். “ஹார்லன், இங்க அவுட் கிடையாது.”

“நடந்தது அவுட்.”

“நடந்தது அவுட்தான். நானும் பார்த்தேன். இத்தனை வருஷத்துல இப்பதான் முதல்முறையா பார்க்கிறேன். ஆனா இங்க கிடையாது. ஆட்டம் முடியறவரைக்கும் கையைத் தூக்க மாட்டேன், அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

இருபத்தாறு வயதுப் பெண். ஆனால் மைதானம் அவளுடையது. மைதானத்தில் பொறுப்பில் இருப்பவர் சொல்வதே சட்டம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர் அவர்.

“வாக்கு,” என்றார்.

வேலியோரம் கிறிஸ்டா அவரைக் கூப்பிட்டாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

“போய் அவகிட்ட, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க.”

“தப்பாச் சொல்லல.”

“அப்ப பொய் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை.”

“அதை மட்டும் என்கிட்ட கேக்காத, கிறிஸ்டா.”

“இன்னிக்கு அவ கார்ல ஏறி உக்காந்துட்டான்னா அப்புறம் இறங்க மாட்டா. ஆகஸ்ட்ல பள்ளிக்கூடமும் கிடையாது. உங்க தீர்ப்பை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்ணப் போறோம்?”

நடந்தது நடந்ததுதான். இரண்டு பிள்ளைகள் வீசி, பிடித்து, சாதித்ததை இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. ஆனால் பெஞ்சின் ஓரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சுருண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாலாம் எண் சட்டையைப் பார்க்கவும் முடியவில்லை.

அந்தப் பெஞ்சுக்குத்தான் ப்ராக்ஸ்டன் ஓடிக்கொண்டிருந்தான். ஆட்டம் நடந்துகொண்டிருப்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை. கையுறையை மூடியபடியே ஏந்திக்கொண்டு போய் டெல்லாவின் முன்னால் நின்றான்.

“பார்த்தியா? நான் பிடிச்சேன். கண்ணை மூடிக்கிட்டே பிடிச்சேன். இன்னும் உள்ளதான் இருக்கு.”

அவன் கையுறையைத் திறந்தான். பச்சைச் சட்டைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து டெல்லாவும் எட்டிப் பார்த்தாள்.

“கையில அடிச்சுதா?” என்றாள் பக்கத்தில் இருந்த மாரிசோல்.

“ரொம்ப. தொட்டுப் பாரு, சூடா இருக்கு.”

மாரிசோல் தொட்டாள். டெல்லாவும் ஒரு விரலை நீட்டித் தொட்டாள். பிறகு ப்ராக்ஸ்டன் தன் இடத்துக்குத் திரும்பி ஓடினான். வழியில் இரண்டு முறை விழுந்தான், பந்தை விடவில்லை.

பச்சை அணியின் சுற்று முடிந்தது. இப்போது அவர்கள் மைதானத்தில் இறங்க வேண்டும். எல்லாரும் இறங்கினார்கள். டெல்லா அசையவில்லை. கிறிஸ்டா கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டதை ஹார்லன் பார்த்தார்.

மாரிசோல் பாதி வழியிலிருந்து திரும்பிப் போனாள். காலணியில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. “பந்து உனக்கு முன்னாடி வந்துடுச்சு. அவ்ளோதான். நீ கெட்டது ஒண்ணும் பண்ணல,” என்றாள். பிறகு டெல்லாவின் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். “வா, இப்ப நாம அவங்களைப் பிடிக்கலாம்.”

கையைப் பிடித்து இழுத்தாள். டெல்லா எழுந்தாள். எழுந்தவள் மைதானத்தின் நடுவரை இழுபட்டே போனாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு தானே நின்றாள். மாரிசோல் முதல் பேஸுக்கு, ஹார்லனின் பக்கத்துக்கு வந்தாள். அவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

முதல் பந்துக்கு ஏழு பச்சைச் சட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. பந்து அடியில். அதற்கும் அடியில் டெல்லா. எழுந்து வந்தபோது மூக்கெல்லாம் மண். அடித்த பையன் எல்லா பேஸையும் சுற்றிவந்து, போதாதென்று இன்னொரு முறையும் சுற்ற ஆரம்பித்தான். இரண்டாவது பந்து யார் காலுக்கும் சிக்காமல் போனது. அதன் பின்னால் முழு அணியும் ஓடியது. முதல் பேஸில் நின்ற மாரிசோலும் ஓடினாள். ரெனே ஒவ்வொருவராகப் பிடித்து இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதாக எஸ்ரா வந்தான். ஆரஞ்சு அணியில் அவன் கால்தான் வேகம். அவன் அடித்த பந்து தாழப் பறந்து, ஒருமுறை குதித்து, டெல்லாவின் வயிற்றில் மோதிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டாள். அவளுடைய சொந்த அணியே பந்தைப் பிடுங்க அவளை நோக்கிப் பாய்ந்து வந்தது.

“டெல்லா, இங்க, இங்க போடு,” என்றாள் மாரிசோல், பேஸின் மேல் குதித்துக்கொண்டே.

எஸ்ரா பறந்து வந்துகொண்டிருந்தான். வீட்டுக் கொல்லையில் அவள் பந்தை எறிந்தால் அது அவள் கட்டைவிரலில்தான் விழும். டெல்லா பிடியைத் தளர்த்தினாள். கையைப் பின்னால் கொண்டுபோனாள். கால் ஒன்றை முன்னால் வைத்தாள். எறிந்தாள். எறிந்த வேகத்தில் குப்புற விழுந்தாள்.

பந்து ஒருமுறை தரையில் பட்டது. எழும்பியது. மாரிசோல் கையுறையை மறந்து இரண்டு கைகளாலும் அதை வயிற்றோடு அணைத்தாள். காலணி பேஸின் மேல். எஸ்ராவின் கால் அதற்குப் பிறகுதான் வந்து மிதித்தது. ஒரு அடி. ஒரே ஒரு அடி.

பைக்குள் ஹார்லனின் விரல்கள் முஷ்டியாக மடங்கின. சாவிக்கொத்து விரலில் குத்தியது. கை மேலே போகத் துடித்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். கொடுத்த வாக்கு.

எஸ்ரா மூச்சு வாங்க அவரை நிமிர்ந்து பார்த்தான். “நான் அவுட்டா?”

மைதானம் முழுவதும் அவரைப் பார்த்தது. ஒன்பது பச்சைச் சட்டைகள். பெஞ்சில் வரிசையாக ஆரஞ்சுச் சட்டைகள். இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் வாக்குத் தவறியவன்.

“நான் வாக்குக் குடுத்திருக்கேன், தம்பி. என்னைக் கேக்காத,” என்றார். “பந்தைப் போட்டவளைக் கேளு.”

எஸ்ரா திரும்பினான். “ஏய், நான் அவுட்டா?”

டெல்லா மண்ணிலிருந்து எழுந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. அந்த மூடிய வாயை ஹார்லனுக்கு நன்றாகத் தெரியும்; அங்காடியில், தேவாலயத்தில், பல் மருத்துவரிடம் பார்த்திருக்கிறார். ரெனே நின்ற இடத்திலேயே நின்றாள்.

டெல்லா நடந்து வந்தாள். அவசரப்படவில்லை. மாரிசோலின் வயிற்றில் இருந்த பந்தைப் பார்த்தாள். மாரிசோலின் காலைப் பார்த்தாள். எஸ்ராவின் காலைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். விரல்களை முஷ்டியாக மடக்கி, கையை ஓங்கினாள்.

“அவுட்.”

எஸ்ரா அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள அவசரப்படவில்லை. “எவ்ளோ?”

“இவ்ளோ.” அவள் இரண்டு கைகளையும் ஒரு அடி விலக்கிக் காட்டினாள்.

“அது சின்னது.”

“சின்னதா இருந்தாலும் அவுட். நானும் அவுட் ஆனேன். நீ பார்த்தேல்ல?”

“பார்த்தேன். நீ ரெண்டு அடி.”

“ஆமா. நான் ரெண்டு. நீ ஒண்ணு.”

எஸ்ரா யோசித்தான். ஒன்று இரண்டைவிடப் பரவாயில்லை என்று பட்டிருக்க வேண்டும். “சரி,” என்றான்.

“எஸ்ரா, நீ இங்கயே நில்லு கண்ணு. நம்ம ஆட்டத்துல அவுட் கிடையாது,” என்று ரெனே ஓடிவந்தாள்.

“அவ சொல்லிட்டா,” என்றான் எஸ்ரா, அவளுக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாக விளக்குபவன் போல. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்கு நடந்தான். அங்கே ஆரஞ்சுச் சட்டைகள் எல்லாம் முஷ்டியை ஓங்கி ஓங்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பலகைப் படிக்கட்டில் டுவேய்ன் எழுந்து நின்று கை தட்டினான். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். கிறிஸ்டா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை.

ரெனே ஹார்லனைப் பார்த்தாள்.

“நான் கையைத் தூக்கல,” என்றார் அவர்.

“தூக்கல. நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.” அவள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். “ஆகஸ்ட்ல எட்டேகாலுக்கு வகுப்பு. லேட்டா அனுப்பாதீங்க. நான் லேட்டா வந்தா என்னையே அவுட்டாக்கிடுவா போல.”

அதற்குள் அடுத்த பிள்ளை மட்டையை இழுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டது. ரெனே ரப்பர் கம்பத்தின் தலையில் பந்தை வைக்க ஓடினாள். மைதானத்தின் நடுவில் டெல்லா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றாள். மூக்கில் மண். கண் பந்தின் மேல்.

“எங்கிட்ட அடி,” என்று அடிக்க வந்தவளைப் பார்த்துக் கத்தினாள். “பயப்படாத, எங்கிட்ட அடி.”